அண்ணியின் பொய்க்கல்

நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனாருக்கு இரண்டு வேலை. வாரம் முழுக்கப் பொய்ப்பல் செய்வார். ஞாயிற்றுக்கிழமை பொய்க்கல் செய்வார். முதல் வேலையால் எங்கள் ஊரில் பாதிப் பெரியவர்கள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். இரண்டாவது வேலையால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் மலையில் காணாமல் போனார். இன்றைக்கும் இதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. அண்ணியைப் பற்றி நல்லபடியாகச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் நாக்குத் தடம் புரண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ஒரு பல் மருத்துவரின் பின்னறையில் சாந்து கலக்கச் சேர்ந்தவர் அண்ணி. சாந்து கலக்கி, மெழுகு உருக்கி, அச்சு வார்த்து, கடைசியில் அந்தப் பின்னறையே அவர் வீட்டு முன்னறைக்குக் குடிவந்துவிட்டது. மருத்துவர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அண்ணி பல்செட் செய்து அனுப்புவார். கதவைத் திறந்தால் நம்மை முதலில் பார்ப்பது அலமாரியில் வரிசையாக இருக்கும் சாந்துத் தாடைகள்தான். ஜன்னலோரம் மேஜை, மேஜைமேல் ராவுகிற சின்ன மோட்டார், காலடியில் அதன் மிதி, தலைக்குமேல் வளைந்து தொங்கும் விளக்கு. எல்லாவற்றின் மேலும் ஈறு நிறத்தில் ஒரு தூள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் நம் உடுப்பிலும் அது வந்துவிடும். தெருப்பிள்ளைகளுக்கு அவர் பல்லக்கா. அந்தப் பெயரில் அவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று முறை வந்தது. ஒவ்வொரு முறையும், ஆள் நல்லவர்தான், கடி சரியாக உட்காரவில்லை என்று அண்ணி முடித்துவிட்டாராம். மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்துவதைத்தான் அவர்கள் தொழிலில் கடி என்பார்கள். என் மாமியார் இருந்தவரை இதை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்வார். அண்ணி பாட்டுக்கு ராவிக்கொண்டே இருந்தார். அந்தத் தூள் நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்தபோது, வாரத்தில் ஒருநாளாவது மலைக்காற்றை வாங்கச் சொன்னார் மருத்துவர். அப்படிப் போன இடத்தில்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது.

ஜியோகேச்சிங் என்று அதற்குப் பெயர். எங்கள் வீட்டில் டப்பா வேட்டை. யாரோ ஒருவர் காட்டில் ஒரு சின்ன டப்பாவை ஒளித்துவிட்டு, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். உலகத்தில் வேலைவெட்டி இல்லாதவர்கள் எல்லாரும் கைப்பேசியில் ஒரு அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே போய்த் தேடுவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் சீட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். வீட்டுக்குக் கொண்டுவர ஒரு பொட்டுப் பொருள் கிடையாது. முள் கிழித்த முழங்கையைத்தான் கொண்டுவருவார்கள்.

அண்ணி தேடுவதோடு நிற்கவில்லை. ஒளிக்கவும் ஆரம்பித்தார். மலையிலேயே ஒரு கல்லைப் பார்த்து, வாயில் அளவெடுக்கிற மாதிரி அதன்மேல் அச்செடுத்து, பல்லீறு செய்யும் அதே பொருளில் உள்ளே குடைவாக ஒரு கல் வார்ப்பார். பிறகு கல்தூள் சேர்த்து நிறம் ஏற்றுவார். ஒருவர் பல்லின் மஞ்சளுக்கும் பக்கத்துப் பல்லின் மஞ்சளுக்கும் வித்தியாசம் பார்த்தே பழகிய கண். பாசிகூட வரைவார். அந்தக் கல்லுக்குள் டப்பா. நிஜக் கற்களுக்கு நடுவே வைத்துவிட்டால் வைத்தவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

என் வீட்டுக்காரர் அண்ணிக்கு ஒரே தம்பி. நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஒரே வழியில் போய் ஒரே வழியில் திரும்புவதாலோ என்னவோ, வழியே இல்லாத இடத்தில் நடக்க அவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஊரில் யார் யாரோ ஒளித்த டப்பாவை எல்லாம் எடுத்துவிட்டார். அக்கா ஒளித்ததை மட்டும் ஒன்றைக்கூட எடுத்ததில்லை. கேட்டால் தோற்ற மாதிரி என்று அவர் கேட்க மாட்டார். சொல்லிவிட்டால் அது தேடுவதில்லை என்று அண்ணி சொல்ல மாட்டார். என் வீட்டில் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும்போது, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாயே திறக்காமல் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வாரம் அண்ணி புது டப்பா ஒன்று வைத்திருந்தார். பெயர் ‘கடைவாய்ப் பல்’. இது புதிர் வகை. இந்த வகைக்கு இணையப் பக்கத்தில் வரைபடத்தில் ஒரு புள்ளி இருக்கும். அது ஒப்புக்கு வைத்தது. நிஜ இடத்தின் எண்கள் புதிருக்குள் இருக்கும். ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் அந்தப் புதிரைக் கட்டிலில் படுத்துக்கொண்டே விடுவித்துவிட்டு, அக்கா இந்தத் தடவை வசமாக மாட்டிக்கொண்டாள் என்று என்னை எழுப்பிச் சொன்னார். ஞாயிறு விடிவதற்குள் கிளம்பினார். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகப் பேச்சு.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்பு கைப்பேசி அடித்தது. அவருக்கு மூச்சு வாங்கியது, ஆனால் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“கிடைச்ச மாதிரிதான். அம்பு இங்கயேதான் சுத்துது. பெரிய கல்லுக் கூட்டம், இதுல ஒண்ணு அக்காவோடது. அவகிட்ட மூச்சு விடாத.”

சாப்பிட வருவீர்களா மாட்டீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அந்தப் பக்கம் கல் உருளுகிற சத்தம். “ஏய்” என்றார், யாரையோ அதட்டுகிற மாதிரி. அப்புறம் இன்னும் கல், நிறையக் கல். தொடர்பு அறுந்தது.

திரும்பத் திரும்ப அடித்தேன். இணைப்பு போகவில்லை. அடுப்பை அணைத்தேனா என்றுகூட எனக்கு நினைவில்லை. அவசர உதவிக்குப் பேசினேன். எந்த இடம் என்றார்கள். மலையின் பெயரையும் டப்பாவின் பெயரையும் சொன்னேன். பேசிய பெண் கெட்டிக்காரி, உடனே அந்த இணையப் பக்கத்தைத் திறந்துவிட்டாள். வரைபடத்தில் புள்ளி காட்சிமுனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், பயப்படாதீர்கள் என்றாள். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

அந்தப் பாதி உயிரோடு சண்டை போடத்தான் அண்ணி வீட்டுக்கு ஓடினேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. வழி நெடுக மனதுக்குள் ஒத்திகை. உங்கள் பிடிவாதம், உங்கள் டப்பா, உங்கள் கல், இன்றைக்காவது வாயைத் திறக்கிறீர்களா இல்லையா. அவர் மழுப்புவார், நான் அலமாரியிலிருந்து ஒரு தாடையை எடுத்துத் தரையில் போட்டு உடைப்பேன் என்றுகூட முடிவு செய்திருந்தேன்.

அண்ணி முகமூடி போட்டுக்கொண்டு ராவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் மிதியிலிருந்து காலை எடுத்தார். மோட்டார் நின்றது. எந்த டப்பா என்று மட்டும் கேட்டார். சொன்னேன். ஆட்கள் புள்ளி இருக்கும் இடத்துக்குப் போய்விட்டார்கள் என்றும் சொன்னேன். முகமூடியை இறக்கினார். முகத்தில் முகமூடி இருந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது.

“அங்க எதுவும் இல்ல. அது பொய்ப் புள்ளி.”

பொய்ப் புள்ளியா என்று நான் கேட்டு முடிக்கவில்லை. அண்ணியோ அதற்குள் கைப்பேசியை எடுத்து அவசர உதவிக்குப் பேசிக்கொண்டிருந்தார். எதையும் பார்க்காமல், மனப்பாடமாக, எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஓடையில் இறங்கி மேலேற வேண்டும், பெரணிப் புதர், தனியாக ஒரு பெரிய பாறை, அதன் வலப்பக்கம் முழங்கால் உயரத்தில் இருப்பது கல் இல்லை, டப்பா. இத்தனை வருடம் சொந்தத் தம்பியிடம் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் ஒரே மூச்சில் கொட்டினார். தாடையை உடைக்க வந்த நான் அவருக்கு வண்டிச் சாவியைத் தேடிக் கொடுத்தேன்.

பல்செட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சின்ன வண்டியில் கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மலைப்பாதை நகரவே இல்லை; அண்ணி இருமிக்கொண்டே ஓட்டினார், போய்ச் சேர மாலையாகிவிட்டது.

அந்தக் காட்சிமுனையைப் பார்க்கத்தான் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். இரும்புக் கம்பித் தடுப்பு, அதற்குக் கீழே மஞ்சளும் செம்மண் நிறமுமாகச் செங்குத்துப் பாறைச் சுவர், அதற்கும் கீழே காடு, காட்டுக்கு நடுவே வெட்டிவிட்ட மாதிரி ஒரு பள்ளத்தாக்கு, அக்கரையில் இன்னொரு முகடு. வெயில் சாய்ந்து பாறையெல்லாம் தங்கமாகிக்கொண்டிருந்தது. ஒரு குடும்பம் தடுப்பில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு அழகான இடத்தை அவ்வளவு வெறுப்போடு நான் பார்த்ததே இல்லை. எந்த மரத்தடியில் அவர் கிடக்கிறார் என்று தெரியாதபோது எல்லா மரமும் எனக்கு எதிரிதான்.

வண்டி நிறுத்தும் இடத்தில் மீட்புக்குழு நின்றது. தலைவியை எனக்குத் தெரியும். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வந்து முழங்காலுக்குப் பட்டி வாங்குகிறவள். பொய்ப் புள்ளியைச் சுற்றித் தேடிய ஆட்களைத் திருப்பிக் கூப்பிட்டு, அண்ணி சொன்ன ஓடைக்கு அனுப்பியிருந்தாள். இல்லாத இடத்தில் எதற்குப் புள்ளி வைத்தீர்கள் என்று அண்ணியிடம் கேட்டாள். விளையாட்டே அப்படித்தான் என்றார் அண்ணி. தலைவி அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

காத்திருந்தோம். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து வெள்ளையாக மூடுபனி எழும்ப ஆரம்பித்தது. தலைவி அதையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கைப்பேசிக் கோபுரத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்டேன். கோபுரம் இந்த மலை என்று சொல்கிறது, மலையில் எங்கே என்று அதற்குத் தெரியாது என்றாள்.

வாக்கிடாக்கி கரகரத்தது. ஓடைக்குப் போனவர்கள் பாறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பொய்க்கல்லையும் கண்டுபிடித்துவிட்டார்கள். டப்பா அப்படியே இருக்கிறது. உள்ளே சீட்டில் ஒரு பெயரும் இல்லை. சுற்றிலும் ஒரு செருப்புத் தடம்கூட இல்லை. என் வீட்டுக்காரர் அந்தப் பக்கமே வரவில்லை.

அப்போதுதான் நான் வெடித்தேன். மீட்புக்குழுவினர் எல்லாரும் கேட்கும்படி அண்ணியைப் பார்த்துக் கத்தினேன்.

“ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீங்க வாயத் திறந்து சொல்லியிருந்தா அவர் இப்ப வீட்டுல இருப்பார்.”

“ஆமா” என்றார் அண்ணி.

அவ்வளவுதான். ஆமாம் என்கிறவரிடம் மேற்கொண்டு எப்படிச் சண்டை போடுவது? நான் வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

தலைவி எங்கள் இருவரிடமும் நிதானமாகச் சொன்னாள். மூடுபனி மேலே வந்து இருட்டும் சேர்ந்துவிட்டால் பாறையில் ஆட்களை இறக்க முடியாது. விடியும்வரை நிறுத்தத்தான் வேண்டும். அடிபட்டவர் அந்தக் குளிரில் விடியும்வரை தாங்குவாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

உட்கார்ந்த இடத்தில் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. அப்படி அவர் எதைத்தான் பார்த்துவிட்டுப் போனார், அந்தக் கண்றாவிப் படத்தைக் காட்டுங்கள் என்றேன். அண்ணி கைப்பேசியில் திறந்து கொடுத்தார். முழு வாய் ஒன்றின் படம். மேல்வரிசையும் கீழ்வரிசையும் திறந்தபடி, அண்ணி செய்த பல்செட்தான். அங்கங்கே பல் இல்லாமல் ஓட்டை. இல்லாத பற்களின் எண்களை வரிசையாக எழுதினால் அட்சரேகை, தீர்க்கரேகையின் கடைசி எண்கள் வந்துவிடும் என்றார் அண்ணி. பல் தொழிலில் வாயை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பல்லுக்கும் எண் வைத்திருக்கிறார்கள். மேல் வலது ஒன்று, மேல் இடது இரண்டு, கீழ் இடது மூன்று, கீழ் வலது நான்கு. அதன் பக்கத்தில், நடுப்பல்லிலிருந்து எத்தனையாவது பல் என்ற எண். அண்ணி வேலை செய்யும்போது இதை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். மேஜைக்கடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய தம்பிக்கு அது சின்ன வயதிலேயே மனப்பாடம். அதனால்தான் இந்தப் புதிரைப் பார்த்ததும் அவருக்கு அவ்வளவு தெம்பு.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என்ன பெரிய வித்தை, எனக்கே வருகிறதே என்று கடுப்பில் சொல்ல ஆரம்பித்தேன்.

“மேல இடது பக்கம், நாலாவது பல் இல்ல. அப்ப ரெண்டு, நாலு.”

“வலது” என்றார் அண்ணி, எங்கோ பார்த்தபடி. “ஒண்ணு, நாலு.”

“படத்துல இந்தப் பக்கம்தானே இருக்கு? இது இடதுதானே?”

“உனக்கு இடது. வாய்க்காரருக்கு வலது. எதிர்ல நின்னு பாக்கக் கூடாது, உள்ள இருந்து…”

பேச்சு பாதியில் நின்றது. அண்ணியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

என் வீட்டுக்காரர் அந்தப் பாடத்தைக் காதால் கேட்டவர். ஒருநாளும் மேஜைக்கு மேலே வந்து பார்த்தவர் இல்லை. படத்தில் தன் இடக்கைப் பக்கம் இருந்ததை இடது என்றுதான் எழுதியிருப்பார், நான் சொன்ன மாதிரியே. ஒன்று வரவேண்டிய இடத்தில் எல்லாம் இரண்டு. மூன்று வரவேண்டிய இடத்தில் எல்லாம் நான்கு.

“சொல்லு” என்றார் அண்ணி. “நான் சொல்றத நம்பாத. உன் கண்ணுக்கு எப்படித் தெரியுதோ அப்படியே சொல்லு.”

நான் ஒவ்வொரு ஓட்டையாகச் சொன்னேன். அண்ணி மீட்பு வண்டியின் முன்மூடியில் படிந்திருந்த தூசியில் விரலால் எழுதினார். ஒவ்வொரு முறையும் அவர் வாய் தானாகவே திருத்தப் பார்த்தது; உதட்டைக் கடித்துக்கொண்டு நான் சொன்னதையே எழுதினார். தலைவி அந்த எண்களைத் தன் கருவியில் போட்டுப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்திப் பள்ளத்தாக்கைத் தாண்டி, அக்கரை முகட்டைப் பார்த்தாள். அதன் விளிம்பு உடைந்து, கற்கள் சரிந்து கிடந்தன. வழி என்று அங்கே எதுவும் கிடையாதாம்.

அவள் மறைக்காமல் பேசினாள். மீதி இருக்கும் வெளிச்சத்துக்கு ஒரு இடம்தான். ஓடையைச் சுற்றி இன்னும் தேடலாம். வழியில் எங்காவது விழுந்திருக்கலாம். அல்லது எல்லாரையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குச் சுற்றிப் போகலாம். அங்கே இல்லை என்றால் திரும்பி வந்து தேட நேரம் இருக்காது.

அண்ணி என்னைப் பார்த்தார். எப்போதும் எல்லாம் தெரிந்த அந்த முகத்தில் அப்போது ஒன்றுமே இல்லை. தன் டப்பாவைத் தேடி யாரும் இப்படி ஒரு இடத்துக்குப் போவார்கள் என்று அவர் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் கைப்பேசியில் கடைசியாகப் பேசியதை நான் நினைத்துப் பார்த்தேன். கல்லுக் கூட்டம் என்றார். ஓடைப் பக்கம் பெரணியும் தனிப்பாறையும்தான் என்று அண்ணி சொல்லிவிட்டார். அக்கரை முழுக்கக் கல்.

“அங்க போங்க” என்றேன். தப்பாக இருந்தால் அந்த இரண்டு வார்த்தைக்கு நான்தான் பொறுப்பு.

காட்டுத்தீ அணைக்கப் போட்ட மண்பாதையில் வண்டிகள் குலுங்கிச் சுற்றின. பாதை முடிந்த இடத்தில் எங்கள் இருவரையும் வண்டியோடு இருக்கச் சொன்னார்கள். அண்ணி கேட்கவில்லை. இருமலோடு புதருக்குள் புகுந்தார், நான் பின்னாலேயே போனேன். முள் இழுத்தது, கல் புரண்டது. முன்னால் போன ஆட்களின் சிவப்புச் சட்டை மூடுபனியில் தெரிந்தும் தெரியாமலும் போனது. முகட்டுக்கு வந்ததும் எல்லாரும் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நின்று கேட்டார்கள். காற்றுச் சத்தம்தான். இரண்டாவது முறை கத்தினார்கள். ஒன்றும் இல்லை. நான் சொன்ன இரண்டு வார்த்தை என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அண்ணி யாரையும் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு நடந்தார். சட்டென்று குனிந்தார். ஒரு கல்லை எடுத்துத் தலைவியிடம் நீட்டினார். அதன் ஒரு பக்கம் புதிதாகச் சுரண்டியிருந்தது, சாவியால் கீறின மாதிரி வெள்ளைக் கோடு. அடுத்த கல்லிலும் கோடு. அதற்கு அடுத்ததிலும்.

பொய்க்கல்லா என்று பார்க்க ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டே போயிருக்கிறார் மனுஷன். அந்தக் கோடுகளைத் தொடர்ந்து போனபோது விளிம்பு பிளந்து, ஆள் இறங்கும் அளவுக்கு ஓர் இடுக்கு தெரிந்தது. தலைவி கவிழ்ந்து படுத்து விளக்கை அடித்தாள். பிறகு கையை உயர்த்தினாள்.

கயிற்றைக் கட்டி இரண்டு பேர் இறங்கினார்கள். கீழேயிருந்து அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்டது. ஒரு கால் பாறைக்கடியில் மாட்டி முறிந்திருந்தது. ரத்தம் நிறையப் போயிருந்தது. கைப்பேசி நொறுங்கியிருந்தது. கை எட்டுகிற தூரத்தில் இருந்த எல்லாக் கல்லிலும் அந்த வெள்ளைக் கோடு இருந்ததாம். கால் முறிந்த பிறகும் விடவில்லை. அவர் விரல் நகமெல்லாம் கிழிந்திருந்தது. அதைக் கேட்டு எனக்கு அழுகை வரவில்லை. இப்படியும் ஒரு முட்டாளா என்று பல்லைக் கடித்தேன். அழுகை அப்புறம்தான் வந்தது, நிறுத்த முடியாமல்.

தூக்குக் கட்டிலில் கட்டி மேலே இழுத்தபோது அவர் முகம் சாம்பலாக இருந்தது. உதடு நீலம். கூட வந்த மருத்துவ உதவியாளர் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே, தூங்க விடாதீர்கள், ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள், கண்ணை மூடிவிட்டால் கஷ்டம் என்றார். நான் ஒரு பக்கம், அண்ணி மறுபக்கம் குனிந்தோம். என்ன பேசுவது? அவர் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் கண்ணைத் திறந்தார், என்னைத் தாண்டி அண்ணியைப் பார்த்தார்.

“எல்லாம் நிஜக் கல்லுதான், அக்கா.”

அண்ணி தலையை ஆட்டினார்.

“எங்கதான் வெச்ச? சொல்லிடுக்கா.”

எத்தனை வருடமாகக் கேட்காத கேள்வி. அதை அவர் இப்போது கேட்கிறார் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. இனிமேல் தேட வரப்போவதில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார். இமை மறுபடி இறங்கியது. சொல்லித் தொலையுங்கள், அந்த நிம்மதியாவது கிடைக்கட்டும் என்று நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணியின் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகி, முகத்தில் இருந்த தூளில் கோடு போட்டது. அவர் தம்பியின் கன்னத்தைப் பிடித்து அழுத்தினார்.

“சொல்ல மாட்டேன். நீயே வந்து எடு.”

இமை நின்றது. பிறகு மெதுவாக மேலே ஏறியது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த நிலைமையிலும் சொல்ல மாட்டாளா இவள் என்ற கோபம். அந்த மலையில் அப்போது இருந்த ஆட்களில், தலைவிக்குத் தெரியும், ஓடைக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும், கயிறு பிடித்தவருக்குக்கூடத் தெரியும். அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“உன்கிட்ட சொன்னாளா?”

பெரணி, தனிப்பாறை, வலப்பக்கம், முழங்கால் உயரம். எனக்கு நன்றாகத் தெரியும். அன்று காலையிலேயே இது தெரிந்திருந்தால் நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பேன்.

“என்கிட்ட எதுக்குச் சொல்றாங்க? எனக்கும் தெரியாது” என்றேன்.

கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மூடுபனி எங்களை மூடியது. குகைக்குள்ளேயா என்று கேட்டார். இல்லை என்றார் அண்ணி. மரப்பொந்தா? இல்லை. அருவிக்குப் பின்னாலா? அண்ணி பதில் சொல்லாமல் இருமினார். அப்படியென்றால் அருவிதான் என்று அவர் முனகினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அருவி எல்லாம் ஒன்றும் இல்லை, வேறு சொல்லுங்கள் என்றேன். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போதும் அவர் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.